சிறு கலத்தில் பெருங்கலம் கண்டவர்

1879ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் கொழும்பு மாநகரிலே சேர் முத்து குமாரசுவாமி காலமானார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் தந்தையாராகிய அப்பெருமகன், முன்னரே இங்கிலாந்து சென்றுவிட்ட மனைவியையும் இளங் குழந்தையையும் அடைவதற்காகக் கப்பலேறும் வேளையை எதிர்நோக்கியிருந்தார். அதற்குள் காலன் முந்திக்கொண்டான். அதே நாளில், இந்துமாகடலுக்கு அப்பால், ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள சைமன்ஸ் டவுண் என்னும் துறையிலே இன்னொருவர் உயிர் நீத்தார். அவர் மாலுமியல்லர், கப்பல் வணிகரும் அல்லர். எனினும் தம் வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகளைக் கப்பல்களுக்கென்றே ஈந்தவர். வில்லியம் புரூட் என்பது அவர் பெயர்.

முகத்துவாரத்துக் கரையிலே மாலை வேளையில் நிற்பவர்கள் இருவகைக் கலங்களைக் காண்பார்கள். வடக்கே களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தில் மீனவரின் சிறு வள்ளங்கள். தெற்கே துறைமுகத்தை நோக்கி வரும் மாபெருங் கப்பல்கள். வள்ளம் பழுதானால் அடுத்த வள்ளத்தைத் திருத்திக் கட்டலாம். தலைமுறை தலைமுறையாகத் தச்சர் அவ்வாறுதான் கற்றனர். ஆனால், பல்லாயிரந் தொன் எடையுள்ள இரும்புக் கப்பலைக் கட்டி முடித்த பின்பு, அது வேண்டிய வேகத்தில் ஓடவில்லை என்று கண்டால் என் செய்வது? கட்டுவதற்கு முன்னரே அறிய வழியுண்டா? இவ்வினாவுக்கு விடை கண்டவர்தான் புரூட். அவர் கண்ட விடை, பெரிய பொருளைச் சிறிய மாதிரியாக்கும் கணக்கு. சிறிய மாதிரியிலிருந்து பெரிய பொருளுக்குத் திரும்பிச் செல்லும் கணக்கு.

டாட்டிங்டன் குருமனை

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள டாட்டிங்டன் என்னும் ஊரில் 1810ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் புரூட் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தின் குரு. குடும்பமோ அறிஞர் குடும்பம். தமையனார் ஹறெல் புரூட், ஒக்ஸ்போர்டிலே எழுந்த சமய மறுமலர்ச்சி இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். தம்பியார் ஜேம்ஸ் அந்தனி புரூட், புகழ் பெற்ற வரலாற்றாசிரியர். இவ்விருவருக்கும் இடையே பிறந்த வில்லியம், ஒக்ஸ்போர்டின் ஓரியல் கல்லூரியிலே பயின்று, 1832இல் கணிதத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார்.

இரும்புப் பாதைகள் புற்றீசல்போற் கிளம்பிய காலம் அது. 1837இல் அவர் இசம்பார்ட் புரூனல் என்னும் பெரும் பொறியியலாளரிடம் பணிக்குச் சேர்ந்து, பிரிஸ்டல்-எக்சிட்டர் இருப்புப்பாதை வேலையில் ஈடுபட்டார். நேர்பாதையில் வரும் புகைவண்டி வளைவிற் புகும்போது குலுங்காதிருக்க, வளைவைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லும் முறையொன்றை அங்கே வகுத்தார். திடீர் மாற்றத்தைத் தாங்காத இயல்பு இயந்திரத்துக்கும் உண்டு என்பதை அவர் கண்டுகொண்டது அப்போதுதான்.

1846இல் தந்தையாரின் உடல்நலங் குன்றவே, பதவியை விட்டு ஊர் திரும்பினார். பதின்மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் அமைதியாகவே கழிந்தன. தந்தையாருக்குத் துணைநிற்றல், நிலபுலன்களைக் கவனித்தல், இடையிடையே டாட் ஆற்றிலே படகு விடுதல் என்று நாட்கள் சென்றன. அவருடைய வாழ்க்கை இவ்வளவிலே முடிந்திருந்தால் உலகம் அவரை மறந்திருக்கும்.

பெருங்கப்பல் தந்த வினா

பழைய தலைவர் புரூனல்தான் அவரை மீண்டும் அழைத்தார். 692 அடி நீளமான கிரேட் ஈஸ்டேர்ன் என்னும் கப்பலை அவர் அப்போது கட்டிக்கொண்டிருந்தார். அதுவரை உலகம் அத்தகைய கலத்தைக் கண்டதில்லை. கடலில் அது எவ்வாறு உருளும், எவ்வளவு சரியும் என்பதைக் கணித்துத் தருமாறு புரூட்டைக் கேட்டுக்கொண்டார். கப்பல் 1858 ஜனவரியில் நீரில் இறங்கியது. அடுத்த ஆண்டே புரூனல் மறைந்தார். வினா மட்டும் புரூட்டின் கையிலே எஞ்சியது.

அலையின்மேல் கப்பல் ஏன் உருள்கின்றது என்பதை விளக்கி, 1861இல் கப்பற் கட்டுநரின் சங்கத்திலே ஓர் ஆய்வுரை படித்தார். கப்பல் தன் இயல்பான ஊசலாட்டக் காலத்தோடு அலையின் காலமும் பொருந்தும்போதுதான் பெரிதும் உருள்கின்றது. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் மேன்மேல் உயர்வது போன்றது இது. உருளலைத் தணிக்கக் கப்பலின் அடிவயிற்றின் இருபுறமும் நீளவாக்கில் தகடுகளைப் பொருத்தலாம் என்பதையும் பின்னர்ச் சோதனைகளால் நிறுவினார். சோளகக் காற்று வீசும் மாதங்களிலே, அலைதடுப்புச் சுவர் இல்லாத அந்நாளைய கொழும்புத் துறையில் நங்கூரமிட்ட கப்பல்கள் பட்ட பாட்டை நினைத்தால், இந்த ஆராய்ச்சியின் அருமை நமக்கு விளங்கும்.

உருளல் ஒரு வினா. ஓட்டம் மற்றொரு வினா. கப்பலின் உடல் நீரைப் பிளந்து செல்லும்போது ஏற்படும் தடை எவ்வளவு? எந்த வடிவம் குறைந்த தடையைத் தரும்? இதற்குத்தான் சிறு மாதிரிகளை நாடினார் புரூட்.

அன்னமும் காகமும்

1867இல் டாட் ஆற்றிலே அவர் இருவகை வடிவங்களைச் சோதித்தார். ஒன்றின் பெயர் 'அன்னம்'. மற்றதன் பெயர் 'அண்டங்காகம்'. காகத்தின் முகப்புக் கூரியது. அந்நாளைய கொள்கைப்படி அதுவே சிறந்த வடிவம். அன்னத்தின் முகப்போ அகன்று திரண்டது. ஒவ்வொரு வடிவத்தையும் 3 அடி, 6 அடி, 12 அடி நீளங்களில் செய்து, நீரில் இழுத்துத் தடையை அளந்தார். மெதுவாகச் சென்றபோது காகத்துக்குத் தடை குறைவு. விரைந்து சென்றபோது அன்னத்துக்கே தடை குறைவு. எக்காலத்துக்கும் எவ்வேகத்துக்கும் ஏற்ற ஒரே வடிவம் என்ற கொள்கை அன்றோடு ஆட்டங்கண்டது.

அதனினும் பெரிய உண்மையொன்று அங்கே அவர் கண்ணிற் பட்டது. சிறிய அன்னமும் பெரிய அன்னமும் வெவ்வேறு வேகங்களிற் சென்றபோதும், குறித்த சில வேகங்களிலே இரண்டும் எழுப்பிய அலைகளின் கோலம் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாயிருந்தது. அந்த வேகங்கள் எவை என்பதே கேள்வி.

நான்கு வகைச் சுருக்கம்

இங்கே கணக்கைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. பெருக்கலும் வர்க்கமூலமும் தெரிந்தாற் போதும்.

ஒரு கப்பலைப் பதினாறில் ஒரு பங்கு மாதிரியாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றையும் 16ஆல் வகுக்கிறோம். பெரும்பாலோர் இத்துடன் வேலை முடிந்ததென்று எண்ணுவர். ஆனால், மேற்பரப்பு 16ஆற் குறையவில்லை. 16இன் வர்க்கமாகிய 256ஆற் குறைந்துவிட்டது. கனவளவோ 16இன் கனமாகிய 4,096ஆற் குறைந்துவிட்டது. ஒரு முழப் பெட்டியிலே அரை முழப் பெட்டிகள் இரண்டல்ல, எட்டு அடங்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். இதுவும் அதே கணக்குத்தான்.

வேகத்துக்கு என்ன விதி? அதை அலையிடம் கேட்க வேண்டும். ஆழ்ந்த நீரிலே நீண்ட அலை விரைந்து செல்லும். குறுகிய அலை மெதுவாகச் செல்லும். அலையின் நீளம் 16 மடங்கானால் அதன் வேகம் 4 மடங்காகும். அஃதாவது 16இன் வர்க்கமூலம். கப்பல் தன்னோடு இழுத்துச் செல்லும் அலைகளும் இவ்விதிக்கு அடங்கியவை. ஆகவே, மாதிரியின் பக்கத்திலே பதினாறில் ஒரு பங்கு நீளமுள்ள அலைகள் அதே கோலத்தில் எழ வேண்டுமானால், மாதிரியை நாலில் ஒரு பங்கு வேகத்தில் இழுக்க வேண்டும். மணிக்கு 12 கடல்மைல் ஓடும் கப்பலுக்கு மாதிரியின் வேகம் 3 கடல்மைல். காலத்துக்கும் இதே விதிதான். கடலிலே 8 வினாடிக்கு ஒருமுறை வரும் அலை, மாதிரியின் உலகில் 2 வினாடிக்கு ஒருமுறை வர வேண்டும்.

நீளத்துக்கு ஒரு சுருக்கம், பரப்புக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, வேகத்துக்கும் காலத்துக்கும் வேறொன்று. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுப்பவன் கண்ணுக்கு அழகான விளையாட்டுப் பொருளைச் செய்வான். உண்மை பேசும் மாதிரியைச் செய்யான்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்த ஒரு சோறு ஏன் பதமாகின்றது? மற்றச் சோறுகள் வெந்த நீரிலே, அதே நெருப்பிலே, அதே நேரம் தானும் வெந்ததால். வேறு பானையின் சோறு இப்பானைக்குப் பதமாகாது. மாதிரியும் கப்பலும் எந்த நிபந்தனையில் ஒரு பானைச் சோறாகும் என்பதைத்தான் புரூட் தேடினார். வேகங்களைப் பற்றிய இவ்விதியைப் பிரான்சு நாட்டு அறிஞர் றீச் என்பவர் அவருக்கு முன்னரே எழுத்திற் கூறியிருந்தார். ஆயினும் அதை நீரிலே நிறுத்தி, அளந்து, கப்பற் கட்டுநரின் கைக்கருவியாக்கிய பெருமை புரூட்டையே சாரும்.

அறிஞரின் எதிர்ப்பு

ஆனால், விதி ஓரிடத்தில் இடறியது. கப்பலுக்கு நேரும் தடை இரு கூறுகளானது. அலை எழுப்புவதால் வருவது ஒன்று. நீர் உடலோடு உராய்வதால் வருவது மற்றொன்று. முன்னையது மேற்சொன்ன விதிக்கு அடங்கும். பின்னையது அடங்காது. சிறு மாதிரியில் உராய்வின் பங்கு அளவுக்கு மிஞ்சியிருக்கும். முன்னோர் செய்த மாதிரிச் சோதனைகள் பொய்த்துப்போனமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவேதான் அந்நாளைய கப்பற் கலைஞர் பலர் மாதிரி என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ் சுளித்தனர். புகழ் பெற்ற ஸ்கொட் ரசல், சிறு மாதிரிகள் அழகிய முடிவுகளைத் தருமேயன்றிப் பெரிய கப்பலுக்கு அவற்றால் பயனில்லை என்னும் கருத்தினர். அறிவியல் முன்னேற்றத்துக்கான பிரித்தானியச் சங்கம் அமைத்த குழுவும், முழுக் கப்பல்களையே இழுத்துச் சோதித்தல் வேண்டும் என்று 1869இல் பரிந்துரைத்தது. அக்குழுவில் இருந்த புரூட் மட்டும் உடன்படவில்லை. முழுக் கப்பலில் ஒரு சோதனைக்கு ஆகும் செலவில் மாதிரிகளில் நூறு சோதனைகள் செய்யலாம். வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம்.

கடற்படையின் தலைமைக் கப்பற் சிற்பியாயிருந்த எட்வேட் றீட் ஒருவரே அவருக்குக் கைகொடுத்தார். 1870இல் கடற்படைத் தலைமையகம் 2,000 பவுண் வழங்க இசைந்தது. புரூட் தமக்கெனச் சம்பளம் கேட்கவில்லை. டோர்க்கீ நகரில் தம் வீட்டின் அருகிலேயே 278 அடி நீளமும் 36 அடி அகலமும் 10 அடி ஆழமுமுள்ள நீர்த்தொட்டியொன்றைக் கூரையின்கீழ் அமைத்தார். தொட்டிக்கு மேலே தண்டவாளம். அதிலே சீரான வேகத்தில் ஓடும் வண்டி. வண்டியின்கீழே இழுபடும் மாதிரி. இழுவிசையைத் தாளிலே வரைந்து காட்டும் கருவி. மாதிரிகளைப் பரபின் மெழுகினால் வார்த்தார். மெழுகு நீரை உறிஞ்சாது; வேண்டியவாறு சீவலாம்; பிழைத்தால் உருக்கி மீண்டும் வார்க்கலாம். 1872இல் அங்கே சோதனைகள் தொடங்கின.

உராய்வின் சிக்கலை அவர் அவிழ்த்த முறை போற்றத்தக்கது. மெல்லிய பலகைகளை எடுத்தார். நீரை நேராகக் கிழித்துச் செல்லும் பலகைக்கு அலைத் தடை ஏறத்தாழ இல்லை. உராய்வு மட்டுமே உண்டு. 2 அடி முதல் 50 அடி வரை நீளமான பலகைகளுக்கு வார்னிஷ் பூசியும், துணி ஒட்டியும், மணல் தூவியும் இழுத்து அளந்தார். நீளமும் மேற்பரப்பின் சொரசொரப்பும் வேகமும் உராய்வை எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்கு அட்டவணை கிடைத்தது.

இனி முறை எளிது. விளக்கத்துக்காக, பதினாறில் ஒரு பங்கு மாதிரிக்கு மொத்தத் தடை 7 இறாத்தல் என்று கொள்வோம். பலகை அட்டவணைப்படி அதில் உராய்வு 2 இறாத்தல். எஞ்சிய 5 இறாத்தலே அலைத்தடை. அதை மட்டும் 4,096ஆற் பெருக்கினால் 20,480 இறாத்தல். கப்பலின் உராய்வை அதே அட்டவணை முறையில் தனியே கணித்து இதனோடு கூட்ட வேண்டும். ஏழையும் ஒருசேரப் பெருக்கியவர் 28,672 என்று தவறான விடை காண்பார். பிரிக்க வேண்டியதைப் பிரித்து, பெருக்க வேண்டியதைப் பெருக்கி, மீண்டும் சேர்த்தல் என்னும் இச்சிறு ஒழுங்கிலேதான் புரூட்டின் மேதை விளங்குகின்றது.

கிரேஹவுண்ட் சொன்ன தீர்ப்பு

தம் கணக்கைத் தாமே மெச்சிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. முழுக் கப்பல் ஒன்றே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். 172 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் ஏறத்தாழ 1,160 தொன் எடையுமுள்ள கிரேஹவுண்ட் என்னும் போர்க்கலத்தைக் கடற்படை அளித்தது. அக்டிவ் என்னும் இன்னொரு கப்பல் அதை இழுத்தது. முன்செல்லும் கப்பலின் கலங்கிய நீரிலே பின்வருவது அகப்படாதிருக்க, பக்கவாட்டில் நீண்ட மரத்தண்டொன்றை நீட்டி அதன் நுனியிலே வடத்தைக் கட்டினார். மணிக்கு 3 கடல்மைல் முதல் 12 கடல்மைலுக்கு மேல் வரை வேகத்தைக் கூட்டிக் கூட்டி இழுவிசை அளக்கப்பட்டது.

பதினாறில் ஒரு பங்கு மாதிரிக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், அத்தகைய கப்பலின் நீளம் 11 அடிக்கும் குறையும். எடை ஏறத்தாழ 634 இறாத்தலாகும். நாலைந்து பேர் சேர்ந்து தூக்கக்கூடிய அத்தகைய மெழுகுக் கலம் தொட்டியிலே சொன்னதைத்தான் கிரேஹவுண்ட் கடலிலே சொல்லிற்று. 1874இல் முடிவுகள் வெளிவந்தபோது, மாதிரியின் கணக்கும் கப்பலின் அளவும் நெருங்கி நின்றதைக் கற்றோர் கண்டனர். எள்ளியவர்களின் வாய் தானாகவே அடங்கியது.

அச்சோதனை இன்னோர் உண்மையையும் வெளிப்படுத்திற்று. இயந்திரம் உண்டாக்கும் ஆற்றலில் பாதிக்கும் குறைவான பங்கே கப்பலை முன்செலுத்தப் பயன்படுகின்றது. மீதி இயந்திரத்திலும் சுழல்விசிறியிலும் வீணாகின்றது. கரியை அள்ளிக்கொட்டிக் கடல்களைக் கடந்த அக்காலத்தில் இது கப்பல் உடைமையாளரின் கண்களைத் திறந்த செய்தி.

ஐயம் ஓர் அறம்

புரூட்டின் உள்வாழ்விலும் இவ்வியல்பே ஊடாடி நின்றது. அவருடைய மனைவியார் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். பிள்ளைகளிற் பலரும் அவ்வழி சென்றனர். அதே சமயத்தைத் தழுவிய பேரறிஞர் நியூமன் அவருக்கு ஓரியல் கல்லூரி நாள் முதல் நண்பர். இருவரும் பல ஆண்டுகள் கடிதங்களால் வாதிட்டனர். எவ்வளவு உறுதியான முடிவிலும் ஐயத்துக்கு ஓரிடம் வைத்தல் மனிதனின் கடமை என்பது புரூட்டின் நிலை. சான்றுகள் முற்றாவிடினும் மனம் உறுதியை எய்தலாம் என்பது நியூமனின் நிலை. யார் வென்றார் என்பது நம் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. கருத்து மாறினும் நட்பு மாறாமல் இறுதிவரை நின்றது. அவ்வளவில் இருவரும் பெருமக்களே.

1870இல் வேத்தியல் சங்கத்தின் அங்கத்துவமும், 1876இல் அச்சங்கத்தின் பதக்கமும் அவரை வந்தடைந்தன. பெரிய கப்பல் இயந்திரங்களின் ஆற்றலை நீரின் சுழற்சியால் அளக்கும் கருவியொன்றையும் அமைத்தார். 1878இல் மனைவியார் மறைந்தார். தளர்ந்திருந்த அவரை, ஓய்வுக்காகப் பொவாடிசியா என்னும் போர்க்கப்பலிலே தென்னாபிரிக்காவுக்குப் பயணஞ் செய்யுமாறு கடற்படை அழைத்தது. சென்ற இடத்திலே வயிற்றுளைவு கண்டது. அறுபத்தெட்டாம் வயதில் மே மாதம் 4ஆம் நாள் கண்மூடினார். கடற்படைக்குரிய முழு மரியாதையோடு சைமன்ஸ் டவுணிலேயே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. கப்பலோட்டியல்லாத ஒருவருக்குக் கப்பலோட்டிகள் செலுத்திய நன்றிக்கடன் அது.

மறைந்த பின்

அவர் தொடங்கிய பணியை மகன் எட்மண்ட் புரூட் ஏற்றார். டோர்க்கீத் தொட்டி மூடப்பட்டு, 1886இல் ஹாஸ்லார் என்னுமிடத்தில் புதிய தொட்டி எழுந்தது. அதற்கு முன்னரே, 1883இல், ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டன் நகரிலே டெனி என்னும் கப்பற் கட்டுநர் தமக்கெனத் தனித் தொட்டி அமைத்திருந்தனர். அது இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பின்னர் உலகின் பல நாடுகளிலும் தொட்டிகள் தோன்றின. கணினி வந்த பின்னரும் அவை வற்றவில்லை.

கப்பலை விட்டு ஆறுகளுக்கும் இக்கணக்குப் பரவியது. ஒஸ்போர்ன் றெயினோல்ட்ஸ் என்னும் பேராசிரியர் 1885இல் மேர்சி ஆற்றின் கழிமுகத்தையே ஒரு தட்டிலே அமைத்தார். ஒரு மைல் நீளம் 2 அங்குலமாயிற்று. அதே வீதத்தில் ஆழத்தையும் குறைத்தால் நீர் ஒரு படலமாகவே நின்றுவிடும்; எனவே 80 அடி உயரத்துக்கு ஓர் அங்குலம் என்று வேறோர் அளவுத்திட்டம் வகுத்தார். ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் வற்றுப்பெருக்கு, அத்தட்டிலே முக்கால் நிமிடத்துக்குள் வந்து போயிற்று. ஆற்று வாயிலைத் தன் பெயராகவே கொண்ட முகத்துவாரத்தில் வாழ்வோர்க்கு இச்செய்தி தனிச்சுவை தரும். மணல் எங்கே திரளும், நீர் எவ்வழி திரும்பும் என்ற வினாக்கள் களனியின் வாயிலிலும் உள்ளவைதாமே. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டபோது, புரூட்டின் தொட்டி மூன்றாண்டுக் குழந்தை. இன்று அத்தகைய சுவரொன்றை அமைக்குமுன் அதன் சிறு மாதிரியை அலைத்தொட்டியிலே வைத்துச் சோதிப்பது பொறியியலாளரின் வழக்கம். அங்கே அலையின் உயரத்துக்கும் காலத்துக்கும் வகுக்கப்படும் எண்கள் புரூட்டின் பெயரால் வழங்கும் விதிக்கு அமைந்தவையே.

பள்ளிக்கூடங்களிலே தேசப்படமும் கோயிற் கோபுரமும் பாலமும் மாணவர் கையால் மாதிரிகளாகின்றன. அவற்றின்கீழ் அளவுத்திட்டத்தைக் குறிக்கும்போது, ஆசிரியர்கள் நீளத்தோடு நின்றுவிடாமல் பரப்புக்கு என்ன, எடைக்கு என்ன, அசையும் பொருளாயின் வேகத்துக்கு என்ன என்று கேட்டு எழுதுவித்தல் நன்று. அந்த நாலு எண்களையும் பிழையின்றி எழுதத் தெரிந்த மாணவன், சிறிய பொருளிடம் பெரிய பொருளைப் பற்றி விசாரிக்கும் தகுதியைப் பெற்றுவிட்டான். அவன் அறிந்தோ அறியாமலோ, சைமன்ஸ் டவுணில் துயிலும் அப்பெரியாரின் மாணவனாகின்றான்.